நம்பர் ஒன்பது

எட்டாம் வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுக்கும்போது எங்களுக்கு தினமும் ஒரு சிரிப்பு நேரம் உண்டு. “ஏழு.” “உள்ளேன் ஐயா.” “எட்டு.” “உள்ளேன் ஐயா.” அடுத்த எண்ணை சார் சொல்வதற்கு முன்பே கடைசி பெஞ்ச்சில் குபுக்கென்று ஆரம்பித்துவிடும். ஏன் என்று தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் நம்பர் வாய்த்தவன், பாவம், நல்ல கபடி ஆட்டக்காரன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நம்பரை மாற்றித் தரச் சொல்லி அழுதான்.

ஆனால் அந்தச் சிரிப்பு அவனுக்கானது இல்லை. தலைகள் எல்லாம் திரும்பியது மூன்றாவது பெஞ்ச் ஓரத்தில் உட்கார்ந்திருந்த இருபத்துமூன்றாம் நம்பர் பக்கம். மெல்லிசாகப் பேசுவான். கையை ஒரு மாதிரி மடித்து வைத்துக்கொள்வான். ஆண்டு விழாவுக்கு அவன் போட்ட கோலத்தை டீச்சர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அவன் பெயரையே மறந்து, எல்லோரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன். சிரிப்பு வரும்போது சாரும் உதட்டை மடித்துக்கொண்டு ரிஜிஸ்டரைப் பார்ப்பார்.

அடுத்த வருஷம் வகுப்பில் அவன் இல்லை. “டி.சி. வாங்கிட்டுப் போய்ட்டான்டா” என்றார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து அவனை ஞாபகப்படுத்தியது ஓர் அமெரிக்க டாக்குமென்டரி. பெயர் ‘இட்ஸ் எலிமென்டரி’. 1996-ல் வந்தது. இயக்கியவர் டெப்ரா சாஸ்னாஃப், தயாரிப்பில் கூட்டு ஹெலன் கோஹென். தலைப்பில் சின்ன சிலேடை உண்டு. எலிமென்டரி என்றால் ஆரம்பப் பள்ளி. ‘இதென்ன பிரமாதம், ரொம்பச் சுலபம்’ என்றும் பொருள். ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைகளிடம் பள்ளிக்கூடத்தில் பேசலாமா, பேசினால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

சாஸ்னாஃப் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் அணு ஆயுத வேலைகளைப் பற்றிய குறும்படத்துக்காக 1992-ல் ஆஸ்கர் வாங்கியவர். அந்த மேடையிலேயே, உலகம் பார்த்துக்கொண்டிருக்க, தன் வாழ்க்கைத் துணையான பெண்ணுக்கு நன்றி சொன்னார். மகன் பள்ளிக்கூடம் போகிற வயது வந்ததும், இரண்டு அம்மா உள்ள பிள்ளையை மற்ற பிள்ளைகள் என்ன சொல்லும் என்ற கவலை வந்திருக்கிறது. மற்ற அம்மாக்கள் என்றால் ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்திருப்பார்கள். இவர் கேமராவை எடுத்துக்கொண்டு போனார்.

படத்தில் பின்னணிக் குரல் வந்து உபதேசம் செய்வதில்லை. வகுப்பறைகள், பிள்ளைகள், டீச்சர்கள், அவ்வளவே. ஒரு டீச்சர் ‘கே’ என்ற சொல்லைப் போர்டில் எழுதி, இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார். பிள்ளைகள் கூச்சமே இல்லாமல் சொல்லுகின்றன. போர்டு நிரம்புகிறது. முக்கால்வாசி வசவு. டீச்சர் முகம் சுளிக்கவில்லை, “ச்சீ, வாயை மூடு” என்று அதட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டு, இதையெல்லாம் எங்கே கேட்டீர்கள் என்று விசாரிக்கிறார். டி.வி., சினிமா, விளையாட்டு மைதானம் என்று பதில் வருகிறது.

‘சின்னப் பசங்ககிட்ட போய் இதையெல்லாமா பேசுவாங்க?’ என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. வசவு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. அர்த்தம்தான் தெரியவில்லை. நாங்கள் ஒன்பது என்று சிரித்தபோது எங்களுக்கு மட்டும் என்ன தெரிந்திருந்தது?

நியூயார்க்கில் ஒரு சிறுமி, அன்னையர் தினத்துக்காகத் தன் இரண்டு அம்மாக்களைப் பற்றி எழுதிய கட்டுரையை வகுப்பில் வாசிக்கிறாள். மற்ற பிள்ளைகள் கேட்கிறார்கள். கூரை இடிந்து விழவில்லை.

படத்தின் உச்சம் என்று நான் நினைப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்து கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு பள்ளிக்கூடம். குவேக்கர் கிறிஸ்தவ மரபில் வந்த பள்ளி. அங்கே இதற்கென்று வருஷத்தில் ஒரு நாள் ஒதுக்கி, பள்ளி முழுக்கக் கொண்டாடுகிறார்கள்.

‘நாள்’ என்றதும் எனக்கு உதறல்தான். நம் ஊரில் எய்ட்ஸ் தினம், ஓசோன் தினம், புகையிலை ஒழிப்பு தினம் எல்லாம் எப்படி நடக்கும் என்று தெரியுமே. சிறப்பு விருந்தினருக்கு ஒரு சால்வை, வெயிலில் ஒரு பேரணி, கையை நீட்டி ஓர் உறுதிமொழி, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. உறுதிமொழி முடிந்த கையோடு கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைக்கிற வாத்தியாரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சாஸ்னாஃப் கெட்டிக்காரர். அந்த நாளைக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆசிரியர்கள் கூடிப் பேசும் அறைக்குள் கேமராவைக் கொண்டுபோய் வைக்கிறார். அங்கே நடப்பது நிஜமான விவாதம். வீட்டில் இது தப்பு என்று சொல்லி வளர்க்கப்படுகிற குழந்தையை என்ன செய்யப்போகிறோம், அதுவும் இதை ஆதரித்தே ஆக வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்கிறதா என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் கெட்டவர் இல்லை, நியாயமாகத்தான் கேட்கிறார். யாரும் அவரைப் பிற்போக்கு என்று அடிக்கவும் இல்லை. எதை நம்புவது என்பது வீட்டு விஷயம்; பக்கத்து பெஞ்ச்சில் இருப்பவனை நிம்மதியாகப் படிக்க விடுவது பள்ளிக்கூடத்து விஷயம். இந்தக் கோட்டைத் தேடித்தான் அந்த அறையில் எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அந்தத் தடுமாற்றம்தான் அழகு. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள் முதலில் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். விழிப்புணர்வு நாள் என்பது உண்மையில் அசெம்பிளி மைதானத்தில் நடப்பதில்லை, அதற்கு முன்பு ஸ்டாஃப் ரூமில் நடந்து முடிகிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. கதவைத் திறந்துவிட்ட பள்ளிகளுக்குள் மட்டும்தான் கேமரா போயிருக்கிறது. எதிர்க்கிற பெற்றோருக்கு அந்த அறையில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் படம் இன்னும் கனமாகியிருக்கும். வெளியே எதிர்ப்பு இருந்ததா என்றால், நிறையவே இருந்தது. 1999-ல் அங்கே பொதுத் தொலைக்காட்சியில் வந்தபோது, ஒளிபரப்பக் கூடாது என்று பெரிய பிரசாரமே நடந்தது. இன்னொரு குறை, திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகள் இந்தப் படத்தில் அநேகமாக இல்லவே இல்லை. நம் ஊர் வகுப்பறைகளில் முதல் அடி வாங்குகிறவர்கள் அவர்கள்தான். 2007-ல் ‘இட்ஸ் ஸ்டில் எலிமென்டரி’ என்று ஒரு தொடர்ச்சி எடுத்து, பழைய படத்தில் வந்த பிள்ளைகள் சிலரையும் டீச்சர்களையும் தேடிப் போய்ப் பார்த்தார் சாஸ்னாஃப். இவ்வளவு பொறுப்பு எத்தனை டைரக்டருக்கு இருக்கும்? 2017-ல் காலமாகிவிட்டார்.

முதல் படம் வந்த அதே 1996-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்கள் வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது. ‘டே ஆஃப் சைலன்ஸ்’ என்று பெயர். ஏன் பேசவில்லை என்று கேட்டால் ஒரு சின்ன அட்டையை நீட்டுவார்கள். கேலிக்கும் அடிக்கும் பயந்து வருஷம் முழுக்க வாய் மூடிக் கிடக்கிறவர்களுக்காக இன்று நானும் பேசவில்லை என்பது அதன் சாரம். கல்லூரியில் இருந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. 2001-ல் கிளிஸன் என்ற அமைப்பு ஏற்று நடத்த ஆரம்பித்தது.

இதில் எனக்குப் பிடித்தது, மேடை இல்லை, மைக் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை. மாணவர்களே நடத்துகிறார்கள். வாயாடிப் பையன் ஒருவன் திடீரென்று பேசாமல் இருந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும் அல்லவா? ஆனால் ஓர் இடறல். பேச முடிகிறவன் ஒரு நாள் மௌனமாக இருப்பது போராட்டம். எங்கள் இருபத்துமூன்றாம் நம்பர் மாதிரி தினமும் மௌனமாக இருக்கிறவனுக்கு அந்த நாள் இன்னொரு வியாழக்கிழமை, அவ்வளவுதான். அவனுக்கு வேண்டியது மற்றவர்களின் மௌனம் அல்ல, யாராவது ஒருத்தர் வாயைத் திறப்பது. நடத்துகிறவர்களுக்கே இது உறைத்திருக்க வேண்டும். 2024-ல் அந்த நாளின் பெயருக்குள் ‘நோ’ என்ற சொல்லைச் செருகி, மௌனமில்லாத நாள் என்று மாற்றிவிட்டார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஃப்ளோரிடா மாநிலத்தில் 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மூன்றாம் வகுப்பு வரை இந்த விஷயங்களைப் பாடமாக நடத்தக் கூடாது என்று. 2023-ல் அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டினார்கள். என்ன பேசலாம், என்ன கூடாது என்று புரியாமல் டீச்சர்கள் மிரண்டார்கள். வழக்கு நடந்து, பாடமாக நடத்தத்தான் தடை, பிள்ளைகள் தங்கள் குடும்பத்தைப் பற்றிப் பேசத் தடையில்லை என்று 2024-ல் ஒரு சமரசம் வந்தது. இங்கிலாந்தில் 1988-ல் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சட்டப் பிரிவு வந்து 2003 வரை இருந்தது. சட்டம் எதைத் தடுத்ததோ இல்லையோ, கேலி செய்கிற பையனைக் கண்டிக்க வேண்டிய டீச்சரின் வாயைக் கட்டிப்போட்டது.

நம் கதை என்ன? 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், வயதுவந்தவர்களின் தன்பாலின உறவு குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு அந்தச் செய்தி இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது. 2021-ல் என்.சி.இ.ஆர்.டி., திருநர் பிள்ளைகளை எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு தயாரித்து இணையத்தில் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் எடுத்துவிட்டது. கவனியுங்கள், மாணவர்களுக்கான புத்தகம்கூட இல்லை, வாத்தியார்களுக்கானது. ஸ்டாஃப் ரூம் கதவையே பூட்டிவிட்டார்கள்.

அதே வருஷம் அதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்தது. மதுரையில் இருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. அவர் செய்த காரியம் நம் ஊரில் அபூர்வம். எனக்கும் இதில் முன்முடிவுகள் இருக்கின்றன, முதலில் நான் புரிந்துகொள்கிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் 2021 ஜூன் 7-ல் உத்தரவு எழுதினார். பள்ளி, கல்லூரிகளில் விழிப்புணர்வு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது எல்லாம் அதில் இருக்கிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழ்நாடு அரசு, இவர்களை மரியாதையாக அழைப்பதற்கான சொற்களைப் பட்டியல் போட்டு அரசிதழில் வெளியிட்டது. எண்ணைச் சொல்லிக் கூப்பிட்ட ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

கேம்பிரிட்ஜ் பள்ளியின் ஆசிரியர் அறையும் நம் நீதிபதியும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறார்கள். சொல்லித்தருகிற இடத்தில் இருக்கிறவர் முதலில் தானே மாணவனாக உட்காருவது. அது இல்லாமல் நடத்துகிற எந்த நாளும் சால்வையோடு முடிந்துவிடும். பையன்கள் உறுதிமொழி எடுத்துவிட்டு, மறுநாள் காலை ஒன்பதாம் நம்பருக்குச் சிரிப்பார்கள்.

அன்றைக்கு எங்கள் சார் லெக்சர் அடித்திருக்க வேண்டாம். ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, “ஏண்டா சிரிக்கிறீங்க? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்” என்று கேட்டிருந்தால் போதும். நாற்பது பேரில் ஒருத்தனுக்கும் பதில் தெரிந்திருக்காது. மூன்றாவது பெஞ்ச் ஓரம் மறு வருஷமும் காலியாகாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு நாள் நடத்த உத்தேசம் இருந்தால், முதல் வேலையாக இந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் போடுங்கள். மாணவர்களுக்கு இல்லை. டீச்சர்களுக்கு.