இரும்புக் கையும் மறைந்த மனிதனும்

சித்திரக்கதைகளை நச்சிலக்கியம் என ஒதுக்குவதோடு நமது முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் அமைதி கண்டுவிடுகிறது. 1970களின் முற்பகுதியில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அதனை வரவேற்றோரிடம் நியாயம் இருந்தது. ஈழத்து வெளியீட்டு முயற்சிகள் அதனால் ஊக்கம் பெற்றன. ஆயின் தடுத்தல் விமர்சனம் ஆகாது. 1977இன் பின் சந்தை திறக்கப்பட்டபோது, இத்தகைய எழுத்துக்களை ஆராயும் முறையொன்றை நாம் வளர்த்திருக்கவில்லை.

1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இதன் மூலம், 1962இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழாகும். பல நாயகரின் கதைகளை ஒருங்கே தொகுத்து, ஒவ்வொன்றையும் வாரந்தோறும் சில பக்கங்களில் ஆபத்தின் உச்சத்தில் நிறுத்துவது அவ்விதழின் முறை. அடுத்த வார விற்பனையே அக்கதைகளின் உருவத்தை நிர்ணயித்தது. தமிழில் அத்துண்டுகள் இணைந்து தனிநூலாயின.

கதாநாயகன் கிராண்டல் ஓர் ஆய்வுகூட உதவியாளன். விபத்தொன்றில் கையிழந்து இரும்புக்கை பொருத்தப்பட்டவன். மின்சாரம் பாயும்போது அவன் உடல் மறைகிறது. இரும்புக்கை மாத்திரம் தெரிகிறது. கூலியுழைப்பில் மனிதன் வெறும் கையாகக் குறுக்கப்படுவதை இதனிலும் துல்லியமாகச் சித்திரிப்பது அரிது. தொடக்கத்தில் அவன் தன் ஆற்றலைக் குற்றத்திற்கே பயன்படுத்துகிறான். அவனுடைய ஆத்திரத்திற்குச் சமூகக் காரணம் உண்டா என்ற வினா எழுமுன், கதை அவனை இரகசிய உளவுப்படையில் சேர்த்துவிடுகிறது. 1965இல் ‘லயன்’ இதழில் தோன்றிய ஸ்பைடரும் குற்றப் பேரரசனாகத் தொடங்கிக் குற்றவாளிகளின் பகைவனாகிறான். கலகம் செய்யும் ஆற்றலை ஒழுங்கின் காவலுக்குத் திருப்புவதே இக்கதைகளின் கருத்தியல் தொழிற்பாடு.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் விடியவிடிய ஆடப்படும் கூத்தை ஈண்டு ஒப்புநோக்கலாம். அங்கும் நாயகர் மானுட எல்லையைக் கடந்தவரே. ஆயின் பகலில் மண்வெட்டியோ வலையோ பிடித்த கைதான் இரவில் வீமனின் தண்டாயுதத்தை ஏந்துகிறது. முடி தரித்து ஆடுபவன் யாருடைய மகன் என்பதைக் களரியைச் சூழ்ந்திருப்போர் அறிவர். சித்திரக்கதையில் உழைப்பாளி மறைந்து கை எஞ்சுகிறது. களரியில் அரசவேடத்தினூடேயும் உழைப்பாளி தெரிகிறான்.

இதனால் கூத்தை இலட்சியமயப்படுத்துதல் தகாது. அரசரின் வீரத்தையே பாடும் அதன் உள்ளடக்கம் நிலமானிய உறவுகளின் சுவடுகளைச் சுமந்துள்ளது. சாதி வேறுபாடும் அதன் அரங்கிற்குப் புறம்பானதன்று. இம்முரண்பாட்டை உணர்ந்தே சி. மௌனகுருவின் ‘சங்காரம்’ 1969இல் வடமோடி ஆட்டத்தில் புதுப்பொருளை ஏற்றியது. அங்கு அரக்கரை அழிப்பது தனியொரு வீரனல்ல. திரண்டெழும் உழைக்கும் மக்கள்.

இரும்புக்கை மாயாவியை விரும்பிய சிறுவனை நாம் பழிக்கவேண்டியதில்லை. வலுவற்றவனுக்கு வலுக் கிடைக்கவேண்டும் என்ற அவனது விருப்பு நேரியது. அவ்விருப்பைச் சந்தை இனங்கண்ட அளவுக்கு நாம் இனங்காணவில்லை. அதைப் பற்றிக்கொண்டு மறைந்த மனிதனை மீண்டும் காட்டும் சிறுவர் இலக்கியத்தைப் படைப்பதே நம்முன் உள்ள பணி.