ஆய்வின் எல்லையும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும்

‘சீறாவில் உவமை நயம்’, ‘இஸ்லாமியச் சிற்றிலக்கியங்கள் – ஓர் ஆய்வு’ என்னும் போக்கிலமைந்த தலைப்புகள் நம் தமிழ்த்துறைகளுக்குப் புதியன அல்ல. இவற்றில் ஆய்வுப் பொருள் உண்டு. ஆய்வுச் சிக்கல் இல்லை. உவமைகள் திரட்டப்படுகின்றன, வகைப்படுத்தப்படுகின்றன, எண்ணிக் காட்டப்படுகின்றன. எதனை அறியும் பொருட்டு அவை திரட்டப்பட்டன என்ற வினாவுக்கு ஏட்டில் விடை கிடைப்பதில்லை.

இக்குறையைச் சுட்ட மேனாட்டு ஆய்வு முறையியலை நாடிச் செல்ல வேண்டியதில்லை. உசூல் பயின்ற ஆலிம்கள் ‘தஹ்ரீரு மஹல்லின் நிஸாஃ’ என்னும் தொடரை நன்கு அறிவர். கருத்து வேறுபாடு நிற்கும் இடத்தைப் பிரித்துத் தெளிவாக்குதல் என்பது அதன் பொருள். இப்னு ருஷ்து (1126–1198) தம் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ நூலில் இதனை ஒரு நடைமுறையாகவே ஆக்கிக் கொண்டார். உளூவில் தலையை மஸஹு செய்வதை அவர் ஆராயும் பகுதி நல்லதோர் எடுத்துக்காட்டு. மஸஹு கடமை என்பதில் அனைவரும் ஒன்றுபட்டுள்ளனர் என்று கூறி அப்பகுதியை முதலில் விலக்கிவிடுகிறார். தலையில் எவ்வளவு பகுதியைத் தடவினால் போதும் என்பதே எஞ்சும் சிக்கல். இவ்வேறுபாட்டின் வேரைத் தேடிச் சென்று, இறைவசனத்தில் ‘தலைகள்’ என்னும் சொல்லுக்கு முன்னே நிற்கும் ‘பா’ என்ற ஓரெழுத்தில் நிறுத்துகிறார். அவ்வெழுத்து மிகையாக வந்ததா, ஒரு பகுதியைக் குறிக்க வந்ததா? பெரியதொரு பொருள் ஓரெழுத்தின் அளவுக்குச் சுருங்குகிறது. சுருங்கிய பின்னரே அது ஆராயத்தக்கதாகிறது.

இந்த ஒழுங்கு நம் இலக்கிய ஆய்வில் ஏன் இல்லாமற் போயிற்று? ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்’ என்ற பெயரையே நாம் இன்னும் வரையறுத்துக் கொள்ளவில்லை என்பது எம் கருத்து. இவ்விலக்கியத்தின் முதல் நூல் எது என்ற வினாவை எடுத்துக்கொள்வோம். களவியற்காரிகை உரையில் எட்டுப் பாடல்களாக மட்டுமே கிடைக்கும் பல்சந்தமாலையைச் சிலர் காட்டுவர். யவனர், அஞ்சுவண்ணத்தார் பற்றிய குறிப்புகள் அதிலுண்டு. பாடியவர் யாரென்று தெரியவில்லை. வேறு சிலர், முழுமையாகக் கிடைக்கும் நூல்களுள் மூத்ததென 1572இல் தோன்றிய வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலாவைக் காட்டுவர். இரு சாராரும் சான்றுகளைக் கொண்டு பல காலம் வாதிட்டுள்ளனர். உண்மையில் வேறுபாடு சான்றில் இல்லை. பாடப்பெற்றோர் முஸ்லிம்களாயின் போதுமா, பாடியவரும் பாடுபொருளும் இஸ்லாத்தைச் சார்ந்திருக்க வேண்டுமா என்பதிலேயே அது நிற்கிறது. எல்லையை எங்கே வரைகிறோமோ அங்கே முதல் நூல் பிறக்கிறது.

ஆசிரியரை மட்டும் அளவுகோலாகக் கொண்டாலும் இடர் தீர்வதில்லை. நீதியரசர் மு.மு. இஸ்மாயீலின் கம்பராமாயண ஆய்வுகளை எவ்வகையில் சேர்ப்பது?

எல்லையற்ற விரிவு ஒரு காலத்தில் கடமையாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ம.மு. உவைஸ் 1953இல் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆங்கிலத்தில் நூலாக்கிய வேளையில், இப்படியொரு இலக்கியம் உண்டென்பதை நிறுவுவதே முதற்பணி. பின்னர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து அவர் எழுதிய இலக்கிய வரலாற்றுத் தொகுதிகளும் அத்தேவையின் பயன்களே. ஆயின் பட்டியல் கிடைத்த பின்னும் பட்டியலையே போடுவது ஆய்வாகாது. ரோனித் ரிச்சி 2011இல் வெளியிட்ட ஆங்கில நூலை இங்கு ஒப்பிடலாம். அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகத்திடம் வினாக்கள் தொடுத்த அதே வரலாறு ஜாவா, மலாய், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் எவ்வாறு உருமாறியது என்ற ஒற்றை வினாவின் வழியே அவர் ஆயிர மசலாவை அணுகினார். எல்லையை வகுத்தது வினா; சமூகத்தின் பெயரன்று. நம் புலவரின் நூலொன்று தென்கிழக்காசியா வரை விரிந்த அறிவுலகில் இடம்பெற்றது அதனாலேயே. இவ்வினாவை நம் துறைகளில் ஒருவர் முன்னரே கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எமக்குண்டு.

இவை எல்லாவற்றினும் நாம் கவலைகொள்வது அரபுத்தமிழைப் பற்றி. தமிழ்த்துறையினர் பலருக்கு அவ்வெழுத்து தெரியாது; அரபு மதரஸாவினர் அதனை இலக்கியமாக எண்ணுவதில்லை. ஆகவே தமிழ் வரிவடிவில் அச்சானவை மட்டுமே பெரும்பாலும் ஆய்வுக்குள் வருகின்றன. ஆய்வாளரின் பயிற்சிக்குள்ள எல்லை, ஒரு சொல்லும் சொல்லப்படாமல், பொருளின் எல்லையாகிவிடுகிறது. ‘அரபுத்தமிழ் நூல்கள் இவ்வாய்வில் அடங்கா’ என்று முன்னுரையில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், விடுபட்டது இன்னதென்றாவது அடுத்து வருபவர் அறிவார். அவ்வரியும் இல்லாதபோது, வீட்டுப் பெட்டகங்களில் செல்லரிக்கும் ஏடுகள் இலக்கியமே அல்லவென்று ஆகிவிடுகின்றன.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் இயற்றிய சட்ட நூலான ‘பத்ஹுத் தய்யான்’ ஒன்றை மட்டும் ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும். அதிலும் தொழுகைப் பகுதி மட்டும் போதும். எந்த அரபுச் சொற்களை ஆலிம் தமிழாக்கினார், எவற்றை அப்படியே விட்டார், ஏன்? மூன்றாண்டுப் பணிக்கு இது குறைவானதன்று.