சிறு சொல்லும் பெருஞ்சுமையும்

ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணவர்க்கு நீண்ட சொற்களே இடர் தரும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் அஃது உண்மையாகலாம். பொருள் கொள்ளும் நிலையிலோ செய்தி தலைகீழாக உள்ளது. 'போட்டோசிந்தசிஸ்' என்பது நாவிற்கு வன்மையான சொல். எனினும் ஒளிச்சேர்க்கை என்னும் ஒரு பொருளே அதற்கு உண்டு. ஒருமுறை அறிந்தவன் பின்னர் மயங்க வேண்டுவதில்லை. 'கெட்', 'புட்', 'டேக்', 'ரன்' என்பனவோ முதலாம் ஆண்டுப் பிள்ளையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் சொற்கள். அவற்றின் பொருளை முற்ற அறிந்தோர் ஆங்கிலேயருள்ளும் அரியர்.

இது மிகைக்கூற்றன்று. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலேயே 'டேக்' என்னும் வினை நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்பிரிவுகளைப் பெற்றுவிட்டது. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989இல் வெளிவந்தபோது அதில் மிக நீண்ட இடத்தைப் பிடித்திருந்த சொல் 'செட்'. அதற்குப் பின் நடைபெற்ற திருத்தப் பணியில் 'ரன்' என்னும் வினை 645 பொருட்பிரிவுகளுடன் அதனை விஞ்சிவிட்டது. மூன்றே எழுத்து, அறுநூறுக்கும் மேற்பட்ட பொருள்!

'ரன்' என்றால் 'ஓடு' என்று கரும்பலகையில் எழுதி அப்பால் செல்வது நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அவ்வழக்கம் முற்றும் தவறு என்று சொல்லிவிட முடியாது. குதிரையும் ஓடுகிறது, பேருந்தும் ஓடுகிறது, திரையரங்கில் படமும் ஓடுகிறது, நரம்பில் குருதியும் ஓடுகிறது. இந்நான்கிடத்தும் ஆங்கிலேயர் 'ரன்' என்றே சொல்வர். இரு மொழிகளும் தம்முள் கலந்து பேசாமலே ஒரு வழியில் நெடுந்தொலைவு சேர்ந்து நடந்துள்ளன. இந்த உடன்பாடே மாணவனை ஏமாற்றுகிறது. ஆங்கிலேயனின் மூக்கு 'ரன்' செய்யும். தமிழனின் மூக்கு ஒழுகும். அங்கே ஒருவர் கடையை 'ரன்' செய்வார். இங்கே கடையை நடத்துவார். சலவையில் துணியின் சாயம் அங்கே 'ரன்' ஆகும். இங்கே சாயம் போகும். அமெரிக்காவில் தேர்தலுக்கு 'ரன்' செய்கிறவர் தமிழகத்திலும் மலேசியாவிலும் தேர்தலில் நிற்கிறார்; இங்கிலாந்திலும் அவர் நிற்கத்தான் செய்கிறார். ஓடுவதும் நிற்பதும் ஒரே செயலைக் குறிக்கும் விந்தையை எந்த ஒற்றைச்சொற் பட்டியல் விளக்கும்? மறுபுறம், துயருற்றவன் 'எனக்கு ஒன்றும் ஓடவில்லை' என்பான். அந்த ஓட்டம் ஆங்கிலத்திற்குத் தெரியாது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதில் இருவகை உண்டு. வௌவாலைக் குறிக்கும் 'பேட்' வேறு, பந்தடிக்கும் மட்டையைக் குறிக்கும் 'பேட்' வேறு. இரண்டிற்கும் வேர் வேறு. எண்ணைக் குறிக்கும் ஆறும் நீரோடும் ஆறும் போன்றவை இவை. இவற்றால் பெருந்துன்பம் இல்லை. இடம் நோக்கி எவரும் பொருள் உணர்வர். 'ரன்' அத்தகையதன்று. ஒரே அடிமரத்திலிருந்து கிளைத்துக் கிளைத்துச் சென்ற பொருள்கள் அதனுடையவை. மிகுதியாக வழங்கும் சொல் மிகுதியான பொருள்களைப் பெறும் என்பதை அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஜிப் 1945இல் கணக்கிட்டுக் காட்டினார். அதிகம் கைமாறும் காசு தேயும். அதிகம் கைமாறும் சொல்லோ பருக்கும்.

இந்த இயல்பைக் கருத்திற் கொள்ளாமல் எழுந்த பெருமுயற்சியொன்றை இங்கு ஆராய்தல் தகும். இங்கிலாந்தின் சி. கே. ஆக்டன் 1930இல் 'பேசிக் இங்கிலீஷ்' என்னும் திட்டத்தை வெளியிட்டார். அதன் சொற்கள் 850 மட்டுமே. வினை வேலை செய்வதற்கு 18 சொற்கள் போதும் என்றார். உலகோர் அனைவரும் விரைவில் ஆங்கிலம் கற்றுவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. நோக்கம் நன்று, கணக்கில்தான் குறை. 'டாலரேட்' என்னும் சொல்லை விலக்கிவிட்டால் பொறுத்துக்கொள்ளுதல் என்பதை எவ்வாறு சொல்வது? 'புட் அப் வித்' என்று சொல்ல வேண்டும். மூன்றும் பட்டியலில் உள்ள சொற்களே. ஆயினும் வைத்தல், மேலே, உடன் என்னும் மூன்று பொருள்களை எவ்வாறு கூட்டினாலும் பொறுமை பிறவாது. பட்டியலில் ஒரு சொல் குறைந்தது. கற்பவன் மனத்தில் ஒரு புதிய சுமை ஏறியது. ஆக்டன் எண்ணியது சொற்களின் ஓடுகளை. உள்ளிருக்கும் பருப்பை அவர் எண்ணவில்லை. ஆங்கிலத் தாயின் மடியில் வளர்ந்த பிள்ளைக்கு 'புட் அப் வித்' எளிது, 'டாலரேட்' கடினம். பிறமொழிப் பிள்ளைக்கு இது நேர்மாறாகும். தம் மொழியின் எளிமையை உலகின் எளிமை என்று ஆக்டன் கொண்டதே திட்டத்தின் அடிப்படைப் பிழை எனலாம்.

அவர் பட்டியலில் 'டேபிள்' என்னும் சொல், படம் வரைந்து காட்டத்தக்க 200 பொருட்பெயர்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. மேசையை வரையலாம், ஐயமில்லை. ஆனால் மன்றத்தில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வதை எப்படி வரைவது? பிரிட்டனில் அதற்கு ஆய்வுக்கு முன்வைத்தல் என்று பொருள். அமெரிக்காவில் ஆய்வினின்று ஒதுக்கிவைத்தல் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத்தலைவர்களும் இச்சொல்லால் நெடுநேரம் சினந்து வாதிட்டு, இறுதியில் இருவர் கருத்தும் ஒன்றே என உணர்ந்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். அதே சர்ச்சில் 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆக்டனின் திட்டத்தைப் பாராட்டி உரையாற்றினார் என்பது சுவையான முரண்!

ஆக்டனின் திட்டத்தை அக்காலத்திலேயே வன்மையாக மறுத்தவர்களுள் மைக்கேல் வெஸ்ட் குறிப்பிடத்தக்கவர். வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியாற்றியவர் அவர். பிறமொழிப் பிள்ளையின் இடரை அருகிருந்து கண்டவர். 1953இல் அவர் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டது. அதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை. ஒவ்வொரு சொல்லின் கீழும் அதன் பொருள்கள் பிரித்துத் தரப்பட்டு, எப்பொருள் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்பதும் காட்டப்பட்டிருக்கிறது. எதை முதலிற் கற்பிப்பது, எதைப் பின்னர் விடுவது என்று ஆசிரியர் அறிய அது துணைபுரிகிறது. அந்நூலின் சொற்கள் சில இன்று பழையனவாயின, முறை பழையதாகவில்லை.

தமிழர்க்கு இம்முறை புதிதுமன்று. 'கடி' என்னும் ஒரு சொல் காப்பு, கூர்மை, விரைவு, புதுமை, அச்சம் எனப் பல பொருள்படுவதைத் தொல்காப்பிய உரியியல் வகுத்துரைக்கிறது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே உரியது. திண்ணைப் பள்ளி மாணவர் அதனை மனப்பாடம் செய்தனர். அத்தகைய மரபில் வந்தோர் ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கோடு கிழித்துக் கொண்டது வியப்பே.

மலேசியாவில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது இதன் விளைவு தமிழ்ப் பள்ளிகளிலும் தலைகாட்டியது. கலைச்சொற்கள் பிள்ளைகளை வருத்தவில்லை. அவற்றிற்கு விளக்கம் பாடநூலிலேயே இருந்தது. 'ஆட்' என்பது விந்தையானது என்று ஆங்கிலப் பாடத்தில் கற்ற பிள்ளை, கணிதப் பாடத்தில் அது ஒற்றைப்படை எண்ணாக நிற்கக் கண்டு திகைத்தது. 'மீன்' என்பதற்குப் பொருள்படுதல் என்றும், கருமி என்றும், சராசரி என்றும் மூன்று முகம். 'வால்யூம்' கன அளவா, வானொலியின் ஒலியளவா, நூலின் தொகுதியா? 'பவர்' அடுக்கா, ஆற்றலா, அதிகாரமா? எளிய சொல் தெரிந்த சொல் என்று ஆசிரியரும் கடந்து சென்றார். தெரிந்த சொல்லைக் கேட்பது நாணம் என்று மாணவனும் வாளாவிருந்தான். அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் தொடங்கிய இருமொழிப் பாடத்திட்டத்தின் வழி அதே சொற்கள் சில பள்ளிகளின் வகுப்பறைகளுள் மீண்டும் நுழைந்தன. அங்குக் கற்பிக்கும் ஆசிரியர், பாடத்தின் முன்பு கரும்பலகையில் எழுத வேண்டியவை நீண்ட சொற்கள் அல்ல. 'ஆட்', 'மீன்', 'டேபிள்', 'ரூட்' ஆகிய குறுஞ்சொற்களே. அவற்றின் அருகில் எழுத வேண்டியது ஒரு தமிழ்ச் சொல்லும் அன்று. இரண்டு மூன்று முழு வாக்கியங்கள்.