மோதல்: ஒரு சொல்லின் திணிவு

மலையகம் பற்றி எழுதுவோர் எவரும் 'மோதல்' என்னும் சொல்லைத் தவிர்ப்பதில்லை. நாவலை மதிப்பிடும் விமர்சகர் துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிலான மோதலைச் சுட்டுகிறார். வரலாறு எழுதுபவர் நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையிலான மோதலைச் சுட்டுகிறார். செய்தித்தாளோ 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கொடுமைகளை 'இனமோதல்' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குச் சென்றுவிடுகிறது. இச்சொல் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்று நின்று கேட்டவர் சிலரே. கலைப்பீட மாணவன் ஒருவன் பௌதிகவியலிலும் கணினியியலிலும் கைவைத்து இதனைச் சோதிக்க முற்படுவது அதிகப்பிரசங்கித்தனமாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும் அத்துறைகளில் இச்சொல்லுக்கு வரைவிலக்கணம் உண்டு. எமது விமர்சனத்தில் அது இல்லை என்பதே நான் கூறக்கூடிய சமாதானம்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். மோதல் ஒரு தொழிற்பெயர். 'மோதினான்' என்னும்போது யார் மோதினான் என்ற வினா உடன் எழுகிறது. விகுதியே எழுவாயைக் காட்டிக் கொடுக்கிறது. 'மோதல்' என்றவுடன் எழுவாய் மறைந்துவிடுகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே சொல்லுக்குள் அருகருகே அமர்த்தப்படுகிறார்கள். 1977 ஓகஸ்டில் தோட்டங்களில் தாக்கப்பட்டு, சட்டி பானையையும் விட்டுவிட்டு வவுனியாப் பக்கம் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் பல. லயத்துக் காம்பிராவில் உறங்கிக்கொண்டிருந்தவன் யாரோடு மோதினான்? இவ்வினாவுக்கு 'இனமோதல்' என்ற தொடரில் விடையில்லை. வினாவே எழாதவாறு அத்தொடர் அமைந்திருக்கிறது.

பௌதிகவியலாளர் இவ்விடத்தில் எம்மைவிட நேர்மையானவர். இரு பொருள்கள் மோதும்போது ஒன்றன்மீது மற்றொன்று செலுத்தும் விசைகள் பருமனில் சமமானவை, திசையில் எதிரானவை என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. இதனை மட்டும் படித்தவர் மோதலில் இரு தரப்பும் சமம் என்று எண்ணிவிடுவார். ஆனால் விசை சமமாயினும் விளைவு சமமன்று. திணிவு மிக்க பொருளின் வேகம் சிறிதே மாற, திணிவு குறைந்த பொருள் தூக்கியெறியப்படுகிறது. ஆகவே மோதுவன எவை என்று கூறினால் மட்டும் போதாது. அவற்றின் திணிவையும் கூறியாக வேண்டும்.

சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' நாவலை இந்நோக்கில் படித்துப் பார்க்கலாம். தோட்டத்தில் சங்கம் அமைக்க முற்பட்டு அதனால் இருப்பிடத்தையே இழக்கும் தொழிலாளியின் கதை அது. முதலாளி வர்க்கத்துக்கும் தொழிலாளி வர்க்கத்துக்கும் இடையிலான மோதல் என்று அதனை வகைப்படுத்துவது தவறன்று, ஆனால் போதியதுமன்று. மோதலின் பின் தோட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பெரட்டு நடக்கிறது, கொழுந்து நிறுக்கப்படுகிறது. நகர்ந்தவன் ஒருவனே. நாவலின் பெயரே இதனைச் சொல்லிவிட்டது. விமர்சகர்தான் அதனைக் கடந்துபோய்க் கோட்பாட்டில் தங்கிவிடுகிறார்.

முல்லோயாவின் கதை இன்னும் தெளிவானது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அத்தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு எழுந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்தார். இதைத் தொடர்ந்த வழக்கு விடயத்தில் அமைச்சருக்கும் பொலிஸ் தலைமைக்கும் பிணக்கு மூண்டது. ஆளுநர் கல்டிகொட் பொலிஸ் பக்கம் நிற்க, அமைச்சர்கள் பதவி துறந்தனர். பின்னர் மீண்டும் பதவிக்கு வந்தனர். அரசியல் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுவது இந்த இரண்டாவது மோதலையே. பௌதிகவியலில் இதற்கு மீள்தன்மை மோதுகை என்று பெயர். மோதியவை சக்தியை இழக்காமல் விலகிக்கொள்ளும். மற்றையது மீள்தன்மையற்ற மோதுகை. அங்கே இயக்கசக்தியின் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் உருக்குலைவாகவும் மாறிவிடுகிறது. ஆளுநரும் அமைச்சர்களும் தத்தம் நாற்காலிகளுக்குத் திரும்பினர். கோவிந்தன் திரும்பவில்லை. 1977 மே 11இல், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்து டெவன் தோட்டத்தில் திரண்ட தொழிலாளர் மத்தியில் சுடப்பட்டு இறந்த சிவனு லட்சுமணனும் திரும்பவில்லை. இவ்விரு நிகழ்வுகளையும் 'பொலிஸாருக்கும் தொழிலாளருக்கும் மோதல்' என்று எழுதுவது இலக்கணப்படி சரியே. துவக்கின் திணிவு என்ன என்பதை மட்டும் அது கூறாது.

அன்றாட வாழ்வில் மோதலைத் தவிர்க்க நாம் அறிந்தே இருக்கிறோம். ஹற்றன் பக்கத்து ஒடுங்கிய வளைவுகளில் எதிரே வண்டி வருவது கண்டால், இறங்கி வரும் வண்டி ஒதுங்கி, ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைப்பாதை மரபு. ஏறுபவனுக்கே சிரமம் அதிகம் என்பது சாரதிக்குத் தெரியும். (சட்டம் இயற்றுவோர் பலர் இப்பாதையில் வாகனத்தில் வந்து போனவர்களே.)

கணினியியலார் ஒரே சொல்லை இருவேறு பொருளில் வழங்குகின்றனர். 1973இல் உருவாகத் தொடங்கிய ஈதர்நெற் வலையமைப்பில், ஒரே கம்பியைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்ட காலத்தில், இரண்டு கணினிகள் ஒரே கணத்தில் பேச முற்பட்டால் இரு செய்திகளும் சிதையும், அதுவே மோதல். உடனே இரண்டும் வாய் மூடும். ஒவ்வொன்றும் குருட்டாம்போக்கில் தேர்ந்த ஓர் இடைவேளை வரை காத்திருந்து மீண்டும் பேசும். பெரிய கணினி சிறிய கணினி என்ற பேதம் இவ்விதியில் இல்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்போடப்பட்டு, 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிடப்பட்டது. அந்தப் பத்தாண்டு காத்திருப்பு ஒரு தரப்புக்கே விதிக்கப்பட்டிருந்தது.

மற்றைய பொருள் எனக்கு இன்னும் நெருக்கமானது. கணினி, பெயர்களைச் சேமிக்கும்போது, ஒவ்வொரு பெயரையும் ஒரு சூத்திரத்தின் வழியே எண்ணாக்கி அந்த எண்ணுக்குரிய அறையில் இடுவதுண்டு. பெயர்கள் மிகுதி, அறைகள் குறைவு. ஆதலால் இரு வேறு பெயர்களுக்கு ஒரே அறை வாய்ப்பதும் உண்டு. அதனையும் மோதல் என்பர். அது எந்தப் பெயரின் குற்றமுமன்று. அறை வகுத்த முறையின் இயல்பு. தேர்ந்த நிரலாளர் அவ்வறையில் இரண்டையும் சங்கிலியாகக் கோத்து வைப்பார். தேராதவர் எழுதிய நிரலில் பின்வந்தது முன்னிருந்ததை அழித்துவிடும்.

என் பாட்டி வேலை செய்த தோட்டத்தில் இரண்டு ராமாயிகள் இருந்தனர். அடையாளத்துக்காகச் செக்ரோலில் ஒருவரைப் 'பெரிய ராமாயி' என்றும் என் பாட்டியைச் 'சின்ன ராமாயி' என்றும் எழுதினார்கள். பிறப்புச் சான்றில் வெறும் ராமாயி. அடையாள அட்டையில், எழுதியவரின் காதுக்கு எட்டியபடி, ரமாய். ஓய்வுபெற்றுச் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தபோது மூன்றும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நான்கு தடவை பஸ் ஏறினார். நானும் துணைக்குப் போனேன். நான்காம் தடவை, மூன்று பெயர்களும் தன்னுடையவையே என்று சத்தியக்கடதாசி முடித்து, அதன் அடியில் பெருவிரலை ஒற்றினார். கையெழுத்துப் போடத் தெரியும், பாட்டிக்கு. எந்தப் பெயரில் போடுவது என்றுதான் தெரியவில்லை.