ஒரே வேகம், ஒரே பிரேக்: க்ளங்கர் சைக்கிளின் மூன்று பாணிகள்

கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேற்கே ஒரு மண்பாதை மலை முகட்டிலிருந்து சரேலென்று இறங்குகிறது. சுமார் மூன்று கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். 1970களில் அதில் இறங்கிய பழைய சைக்கிள்கள் அடிவாரத்துக்கு வந்து நிற்கும்போது பின்சக்கரத்து ஹப்பிலிருந்து புகை கிளம்பும். உள்ளே இருந்த கிரீஸ் சூட்டில் கருகிப்போயிருக்கும். ஹப்பைப் பிரித்துத் துடைத்து, புது கிரீஸை மீண்டும் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீபேக்’ என்பதே அந்தப் பாதையின் பெயராகிவிட்டது.

புகைக்குக் காரணம் கோஸ்டர் பிரேக். பெடலைப் பின்னுக்கு மிதித்தால் ஹப்புக்குள் ஒரு கூம்பு நகர்ந்து, பிரேக் கட்டைகளை விரித்து உட்சுவரோடு அழுத்தும். ஹேண்டில்பாரில் லீவரும் இல்லை, கேபிளும் இல்லை. கையால் பிரேக் பிடித்துப் பழகியவருக்கு முதல் நாள் திக்கென்றுதான் இருக்கும்.

ஷ்வின் நிறுவனம் 1933இல் பலூன் டயர் சைக்கிளைக் கொண்டுவந்தது. சிறுவர்களுக்காகச் செய்த அந்தக் கனத்த இரும்பு வண்டிகள் காலப்போக்கில் பழைய சாமானாகிச் சில டாலருக்குக் கிடைத்தன. மட்கார்டைக் கழற்றிவிட்டு அவற்றை மலைக்கு ஓட்டிப்போனவர்கள் ‘க்ளங்கர்’ என்று செல்லமாக அழைத்தார்கள். நம் வழக்கில் சொன்னால், டப்பா வண்டி.

இந்த மரபில் முதலில் சொல்ல வேண்டியது ஃபேர்ஃபாக்ஸ் அமைந்துள்ள மரின் வட்டாரத்தின் பாணி. அதன் அளவுகோல் கடிகாரம். சார்லி கெல்லியும் நண்பர்களும் 1976 அக்டோபர் 21 அன்று ரீபேக்கில் முதல் பந்தயம் நடத்தினார்கள். ஒவ்வொருவராக இறங்க வேண்டும், நேரம் குறிக்கப்படும். அன்று வென்றவர் ஆலன் பாண்ட்ஸ். அந்தப் பாதையின் சாதனை நேரம் 4 நிமிடம் 22 விநாடி. அது கேரி ஃபிஷருடையது.

இரண்டாவது, கலிஃபோர்னியாவிலேயே உள்ள கூப்பர்டினோ ஊரின் பாணி; அது பட்டறையில் வளர்ந்தது. அங்கிருந்த இளைஞர்கள் மாரோ என்ற கோஸ்டர் ஹப்பின் பெயரையே தங்கள் குழுவுக்குச் சூட்டி ‘மாரோ டர்ட் கிளப்’ என்றார்கள். 1974 டிசம்பரில் மில் வேலியில் நடந்த சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கு அவர்கள் வந்தபோது, அவர்களது பலூன் டயர் வண்டிகளில் கியர் மாற்றும் வசதி பொருத்தப்பட்டிருந்ததை மரின்காரர்கள் கண்டார்கள்.

மூன்றாவது பாணி கொலராடோவின் க்ரெஸ்டட் பட் என்ற பழைய சுரங்க ஊருடையது; அதற்குக் கடிகாரம் ஒரு பொருட்டல்ல. 1976 செப்டம்பரில் அவ்வூர்க்காரர்கள் ஊருக்குள் ஓட்டும் அதே டப்பா வண்டிகளோடு, சுமார் 3,870 மீட்டர் உயரமுள்ள பெர்ல் கணவாயைக் கடந்து ஆஸ்பென் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு இரவு மலையிலேயே தங்கல். ஒற்றை வேகத்தில் ஏறாத மேட்டில் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

பாணி எதுவானாலும் கோஸ்டர் பிரேக் ஓட்டுநரின் தேர்ச்சியைக் காட்டுவது வளைவுதான். இரண்டு கிராங்கும் தரைக்குச் சமமாகக் கிடக்கும்போதே பின்மிதி முழு வலுவோடு பிடிக்கும்; பெடல் ஒன்று நேர் கீழே நின்றால் காலுக்குப் பிடிமானம் இல்லை. பின்னால் சுற்றிச் சரிசெய்யவும் முடியாது, சுற்றப் போனால் பிரேக் விழுந்துவிடும். ஆகவே வளைவுக்கு முன்பே பெடலை இடம்பார்த்து நிறுத்த வேண்டும். பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இடுப்பைத் திருப்பி, சறுக்கலாலேயே வண்டியை மடக்குவது அடுத்த படி. எல்லாவற்றுக்கும் முன்னால் செயின் இறுக்கம். செயின் கழன்றால் அந்த நொடியே பிரேக்கும் போய்விடும்.

இந்த ஓட்டங்களிலிருந்தே புது வண்டி பிறந்தது. மலைக்கென்றே 1977இல் ஜோ ப்ரீஸ் புதிதாகச் செய்த சைக்கிள் இப்போது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் ஃபிஷரும் கெல்லியும் ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் கடை தொடங்கினார்கள். புது வண்டிகளில் கையால் பிடிக்கும் பிரேக் முன்னும் பின்னும் வந்தது.

ஆனாலும் கோஸ்டர் பிரேக் வண்டிகளைத் தேடிப் பிடித்து மண்பாதையில் இறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஓட்டம் முடிந்ததும் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றி, கருகிய கிரீஸை வழித்தெடுத்து, பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் புது கிரீஸை விரலால் அடைக்கிறார்கள்.