கரை நெய்தவர்

எங்கள் காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வீசிக்கொடுக்க வேண்டும். நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பழைய படங்களைப் பார்த்தால் எனக்கு அந்தத் தறிதான் ஞாபகம் வரும். கதை ஒரு நிறத்தில் ஓடிக்கொண்டிருக்க, கலைவாணரும் அவருடைய ஜோடி டி.ஏ.மதுரமும் ஓரத்தில் தனி நாடா போட்டுக்கொண்டிருப்பார்கள். சிரிப்புப் பகுதியை அவரே தன் குழுவை வைத்து உருவாக்கி, படத்தோடு சேர்த்ததும் உண்டு. சேலை நைந்த பிறகும் ஜரிகைக்கு விலை இருக்கிறதல்லவா? கதை மறந்துபோன படங்களிலும் அவர் காட்சிகள் அப்படித்தான் நிற்கின்றன.

அவரை ‘இந்தியாவின் சாப்ளின்’ என்பார்கள். எனக்கு அது ஒப்பாது. மௌனப்பட சாப்ளினுக்கு உடம்பே பேசும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்து, வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் தேறிய இவருக்கு நாக்கும் தாளமும்தான் மூலதனம். ‘ராஜா ராணி’யில் (1956) சிரிப்பைப் பற்றிய பாட்டில் சிரிப்பின் வகைகளைச் சிரித்தே காட்டுவார், ஒன்று இன்னொன்றில் கலக்காது.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-ல் கைதானவர், 1947-ல் விடுதலையானார். இரண்டே வருடத்தில் எங்கள் ஊர் அண்ணாதுரை எழுத, கிருஷ்ணன்-பஞ்சு இயக்க, ‘நல்லதம்பி’. ஃபிராங்க் காப்ராவின் ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்ற அமெரிக்கப் படத்தைத் தழுவியது. இதில் அவரே கதாநாயகன். அதுவரை ஓரத்தில் ஓடிய நிறம் உடல் முழுக்கப் பரவிவிட்டது.

‘நல்லதம்பி’யில் வரும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! கோயில் ஊரில் காலட்சேபம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. இழுப்பும் நிறுத்தமும் அசல் பாகவதருடையவை என்று சத்தியம் செய்வேன். வடிவத்தை அவர் கேலி செய்வதில்லை. அதன் இலக்கணத்தை மதித்துக்கொண்டே உள்ளே இருக்கும் சரக்கை மாற்றிவிடுகிறார். பழைய நந்தனார் கதையில் நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான். கிந்தனோ படிக்கப் பட்டணம் போகிறான். ரயில் வருகிறது. எல்லாச் சாதியையும் ஒன்றாய் ஏற்றிக்கொள்ளும் வண்டி அது. மேடைப் பேச்சாளர் என்றால் இந்த இடத்தில் குரலை உயர்த்தி மேஜையைத் தட்டியிருப்பார். கலைவாணர் சக்கரத்தின் தாளத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பாட்டோடு பாட்டாக அதையும் சொல்லிவிட்டு, அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்.