மனச்சிதைவு நோயின் மருந்துவழி விலங்கு மாதிரிகள்: ஒரு மதிப்பீடு

எலி போன்ற விலங்குகளுக்குச் சில மருந்துகளைச் செலுத்தி, மனச்சிதைவு நோயை ஒத்த மூளை வேதியியல் மாற்றங்களை உண்டாக்கும் முறைகள் மருந்துவழி விலங்கு மாதிரிகள் எனப்படுகின்றன. புதிய மருந்துகள் பல இச்சோதனைகளைக் கடந்தே மனிதரை அடைகின்றன. ஆகவே மாதிரி தவறினால் இழப்பு நோயாளிக்கே.

ஆம்பெட்டமைன் மாதிரி

ஆம்பெட்டமைனைத் தவறாகப் பயன்படுத்தியவர்களிடம் மனச்சிதைவை ஒத்த மனநோய் தோன்றுவது 1958இல் விரிவாகப் பதிவானது. இம்மருந்து நரம்பு முனைகளிலிருந்து டோபமைனைப் பெருமளவில் வெளியேற்றுகிறது. எலி ஓயாமல் ஓடுகிறது; அளவு கூடினால் ஒரே இடத்தில் முகர்வதும் கொறிப்பதுமாக இருக்கிறது. டி2 ஏற்பிகளை அடைக்கும் ஹாலோபெரிடால் இதை அடக்குகிறது.

ஆனால், டோபமைனைக் கூட்டி உண்டாக்கிய நடத்தையை டோபமைனைத் தடுக்கும் மருந்து நிறுத்துவதில் வியப்பென்ன? இச்சோதனை பழைய வகை மருந்துகளையே மீண்டும் தேர்ந்தெடுக்கிறது. நோயாளியின் அன்றாட வாழ்வை முடக்கும் ஊக்கமின்மை, உணர்ச்சி மழுங்கல், நினைவுக் குறைபாடு ஆகியவற்றை இது விளக்குவதில்லை.

என்எம்டிஏ தடுப்பு மாதிரி

பென்சைக்ளிடின், கெட்டமைன், எம்கே-801 ஆகியவை குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பிகளைத் தடுக்கின்றன. முதலிரண்டும் நலமான மனிதரிடமே மனச்சிதைவின் பலவகை அறிகுறிகளையும் தற்காலிகமாகத் தோற்றுவிக்கின்றன. எலியின் முன்நெற்றிப் புறணியில் குறைந்த அளவு கெட்டமைன் குளூட்டமேட்டை உயர்த்துவதாக 1997இல் காட்டப்பட்டது. தடுப்பு நரம்பணுக்கள் முதலில் செயல் குன்றுவதே காரணம் என்பது பரவலான விளக்கம்.

இம்மாதிரி முந்தையதைவிட வளமானது. எனினும் இதன் அடிப்படையில் எழுந்த நம்பிக்கை பலிக்கவில்லை. குளூட்டமேட் வெளியீட்டைக் குறைக்கும் ஒரு மருந்து 1998இல் எலிகளில் பென்சைக்ளிடினின் விளைவுகளைத் தணித்தது. அதே வகையைச் சேர்ந்த பொமாகுளூமெட்டாட் 2007இல் நோயாளிகளிடமும் பயன் காட்டியது. பெரிய ஆய்வுகளில் தோற்று 2012இல் கைவிடப்பட்டது.

மதிப்பீடு

ஒரு மணி நேரத்தில் ஊசி உண்டாக்கும் நிலை, வளர்பருவம் முழுவதும் மெல்ல உருவாகும் நோய்க்கு ஈடாகாது. எலிக்குக் குரல் கேட்கிறதா என்று அறியவும் வழியில்லை. அதன் ஓட்டத்தையே நாம் அளக்கிறோம். 2024இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கூட்டு மருந்தின் கூறான சானோமெலின், மனநோய் அறிகுறிகளைத் தணிப்பது 1990களில் அல்சைமர் நோயாளிகளிடம் செய்த ஆய்வில் தெரியவந்தது. ஒரு வேதிப்பொருள் எந்தப் பாதையில் செயல்படுகிறது என்பதை இம்மாதிரிகள் நன்கு காட்டும். நோய் ஏன் வருகிறது என்பதற்கு அவற்றைச் சான்றாகக் கொள்ளலாகாது.